கட்டாருக்குப் போன நல்ல செய்தி

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் செல்வநாயகியிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு. மீன் கொண்டுவருகிறவர் "விடியத்தான் கரைக்கு வந்தது, அக்கா" என்று சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் சட்டியை நீட்டுவாள். நல்ல நேரத்தைக்கூட இரண்டு பஞ்சாங்கம் வைத்து ஒத்துப் பார்க்கிற ஆள். ஐம்பத்தொரு வயது, கலியாணம் கட்டாதவள். ஆனாலும் ஊரில் எவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்பது அவளவளின் புருஷனுக்கு முன்னால் செல்வநாயகிக்குத் தெரிந்துவிடும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலில் பூமாலை கட்டுவது அவள்தான். மாதத் துடக்கு வந்த பெண் கோயில் வாசலை மிதிக்கமாட்டாள். ஆகவே மாதத்தில் ஒரு செவ்வாயோ ஒரு வெள்ளியோ ஒவ்வொருத்தியும் காணாமல் போவாள். காணாமல் போகாமல் ஒருத்தி இரண்டு மாதம் ஒழுங்காக வந்து தேங்காய் உடைத்தால் விசயம் முடிந்தது. செல்வநாயகி நூலைப் பல்லால் கடித்தபடி அவளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள். ஒருதரம்கூடப் பிழைத்ததில்லை. அந்தப் பெருமையும் அவளுக்கு நிறைய இருந்தது.

இந்தக் கலையை அவள் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள், மூத்தது இவள். வேலியில் அம்மாவின் பழந்துணி காயாமல் ஒரு மாதம் போனால், எட்டு மாதம் கழித்து வீட்டு வளையில் இன்னொரு ஏணைத் தொட்டில் தொங்கும், இவள் பள்ளிக்கூடம் போகிற நாட்கள் குறையும். பத்து வயதுப் பிள்ளை வேலியைப் பார்த்துப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டு திரிந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த வருடம் ஐந்தாவது பிள்ளை பிறந்தது. "நீ நிண்டால்தானே, பிள்ளை, கொம்மா தோட்டத்துக்குப் போகலாம்" என்று ஐயா ஒரு வசனம் சொன்னார். படிப்பு அந்த ஒரு வசனத்தோடு நின்றது. புத்தகப் பை தங்கச்சியின் தோளுக்குப் போனது.

கடைசியானவன் மயூரதன். தொண்ணூறாம் ஆண்டில், சண்டையில் பாதையெல்லாம் அடைபட்டிருந்த நாளில் பிறந்தான். அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. வாகனம் தேடி ஐயா ஓடித்திரிந்து முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். பதினேழு வயதில் செல்வநாயகி அவனைத் தூக்கிக்கொண்டாள். பிறகு இரண்டு தம்பிமாரைச் சண்டை கொண்டுபோனது. இரண்டு தங்கச்சிமாரும் கலியாணம் கட்டிப் போனார்கள். இன்னொருவன் பிரான்சுக்குப் போய் மறந்தே போனான். இவளைக் கேட்டு வந்தவர்கள் சீதனப் பேச்சோடு நின்றார்கள். சீதனத்துக்கென்று ஐயா இவள் பெயரில் எழுதிய நாலு பரப்புக் காணி, மாப்பிள்ளையைக் காணாமலே பற்றையாகக் கிடந்தது.

அந்தக் காணிக்கு விமோசனம் கொடுத்தவள் மயூரதனின் மனைவி சாருஜா. கட்டி நாலு வருடம், மூன்று வயதில் கீர்த்திகா என்று ஒரு மகள். திருநெல்வேலியில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, "மச்சாள், உந்தக் காணியிலை ஒரு நாத்துக் கொட்டில் போடட்டோ?" என்று கேட்டாள். செல்வநாயகி ஒரு கிழமை யோசித்தாள். காணியை எழுதி வாங்கத்தான் இந்த அடுக்கோ என்ற எண்ணம் வராமல் இல்லை. கடைசியில் விட்டாள். பச்சை வலை போட்ட கொட்டிலில் தட்டுத் தட்டாக மிளகாயும் கத்தரியும் தக்காளியும் முளைத்தன. ஒரு வருடத்துக்குள் ஊரில் ஐந்து பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். சுழிபுரத்திலிருந்தும் சண்டிலிப்பாயிலிருந்தும் கமக்காரர் கன்றுக்கு வந்து சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

செல்வநாயகிக்கு வாய்விட்டுச் சொல்லாத பெருமை இருந்தது. ஆனால் ஒரு குறையும் இருந்தது. வீட்டில் ஒற்றைப் பிள்ளை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு அந்த வருடம் சேர்ந்தது நாலே பேர். அதைப் பற்றிக் கதை வந்தாலே அவளுடைய கோபம் கிளினிக் பக்கம் திரும்பும்.

"ஊசியும் குளிசையும் குடுத்து எங்கடை சனத்தை இல்லாமல் ஆக்கப்போறாங்கள்" என்பாள். மருத்துவமாது கஜந்தினி மிஸ் ஸ்கூட்டியில் ஒழுங்கைக்குள் வந்தால், அந்தப் பை நிறைய அதுதான் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயம். மிஸ் கொண்டுவருவது திரிபோசாச் சத்துமாப் பைக்கற் என்றாலும் அதையும் மணந்து பார்ப்பாள்.

அம்மா ஏன் செத்தாள் என்று இவளிடம் யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் சித்திரையில் மயூரதன் கட்டாரிலிருந்து வந்தான். வேலை ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்க நாலு மாதம் இடைவெளி. அந்த நாலு மாதமும் அக்காக்காரி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. பின்னேரம் சாமியறையில் விளக்கு வைப்பது சாருஜா. துடக்கு நாட்களில் அவள் குசினி வாசலில் நின்று, "மச்சாள், இண்டைக்கு நீங்கள் விளக்கு வையுங்கோ" என்பாள். அவ்வளவுதான் சேதி. வைகாசியிலும் ஆனியிலும் அந்தச் சேதி கண்டபடி வந்தது. பத்து நாள் தொடர்ந்து வரும், நாலு நாள் நின்று மறுபடி வரும். இவள் வேலை செய்யப் பஞ்சிப்பட்டுத்தான் விளக்கை என் தலையில் கட்டுகிறாள் என்று செல்வநாயகி முடிவு கட்டினாள். ஆடிக் கடைசியில் மயூரதன் விமானம் ஏறினான். ஆவணியில் சேதி வரவில்லை. புரட்டாதியிலும் இல்லை. ஐப்பசியிலும் சாருஜாவே விளக்கு வைத்தாள்.

செல்வநாயகிக்கு உச்சி குளிர்ந்தது. தம்பி போகும்போது ஒன்றை விட்டுத்தான் போயிருக்கிறான்! சாருஜா வாயைத் திறக்கவில்லை, அதுதான் கொஞ்சம் குத்தியது. "எனக்கு ஏன் மறைக்கிறாள்? நான் என்ன கண்ணூறு போடுற ஆளோ?" என்று தனக்குள் புறுபுறுத்தாள். சரி, அவள் சொல்லாவிட்டால் நானும் கேட்கப்போவதில்லை என்று வீம்பாகவும் இருந்துகொண்டாள். ஆனால் பப்பாசிப் பழத்தை வெட்டி அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அன்னாசிப் பழம் வாங்குவதை நிறுத்தினாள். சாருஜா நாற்றுத் தட்டைத் தூக்கக் குனிந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கினாள்.

"என்ன மச்சாள், உங்களுக்கு நடந்தது?" என்று சாருஜா சிரித்தாள்.

"எனக்கு ஒண்டும் இல்லை. நீ இருந்து வேலை வாங்கு. காணும்."

கார்த்திகை முதல் வெள்ளி, கட்டாரில் லீவு நாள். மத்தியானம் மயூரதன் வீடியோவில் வந்தான். சாருஜா கொட்டிலில் நின்றாள். இதைவிட நல்ல தருணம் வேறு வராது என்று செல்வநாயகி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"தம்பி, உனக்கொரு நல்ல செய்தி. உவள் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் சொன்னனெண்டு காட்டிக்கொள்ளாதை. மூண்டு மாதம் ஆகுது."

"என்ன மூண்டு மாதம்?"

"அட, விசரா! வயித்திலை தங்கியிருக்கு. இந்தமுறை பொடியன்தான், நான் சொல்லுறன் பார்."

திரையில் மயூரதனின் முகம் அப்படியே நின்றது. சிக்னல் இல்லையோ என்று அவள் போனை ஆட்டிப் பார்த்தாள்.

"வடிவாத் தெரியுமோ, அக்கா?"

"நான் எப்பவாவது பிழை விட்டிருக்கிறனோ?"

"இல்லை" என்றான். "பிறகு எடுக்கிறன்" என்றும் சொன்னான். பெடியனுக்குச் சந்தோசத்தில் நாக்கு எழும்பவில்லை என்று செல்வநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கோணலாகப் போனது. மயூரதன் சாருஜாவுக்கு எடுப்பது நின்றது. அவள் எடுத்தால் "வேலை" என்று இரண்டு எழுத்துத் தட்டிவிட்டான். சாருஜா இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனாள். செல்வநாயகிக்கு அது மசக்கையாகத் தெரிந்தது.

அக்காவுக்கு மட்டும் அவன் எடுத்தான். எடுத்துக் கேட்டதெல்லாம் ஒரு மாதிரியான கேள்விகள். கொட்டிலுக்கு யார் யார் வருவது? நாற்றுத் தட்டுக்குப் போடும் தும்புச்சோறு ஏற்றி இறக்குவது யார்?

"உவன் றஜிந்தன்தான். பட்டா லொறியிலை கிழமைக்கு இரண்டுதரம் வருவான். ஏன்?"

"எவ்வளவு நேரம் நிப்பான்?"

அடுத்தவரைச் சந்தேகிப்பதில் செல்வநாயகிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தம்பி ஏன் இதைக் கேட்கிறான் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கேட்டதற்கு மேலாலும் சொன்னாள். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான் என்றாள். சிரித்துச் சிரித்துக் கதைப்பான் என்றாள். ஒருநாள் கீர்த்திகாவுக்கு ரொபி இனிப்புக் கொண்டுவந்ததையும் விடவில்லை. சொல்லிக்கொண்டு போகப் போக அவளுக்கே அது ஒரு மாதிரித் தெரிந்தது. அடுத்த தடவை பட்டா வந்தபோது கிணற்றடியில் நின்று ஒரு வாளியை நாலுதரம் கழுவினாள். றஜிந்தன் தட்டுகளை எண்ணி ஏற்றினான், தேத்தண்ணியைக் குடித்தான், போனான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கஜந்தினி மிஸ் வந்தாள். கீர்த்திகாவின் நிறையை எழுதிவிட்டுப் புறப்பட்டவளைச் செல்வநாயகி படலையில் மறித்தாள்.

"மிஸ், சாருஜாவை இன்னும் பதியேல்லையோ?"

"என்னத்துக்கு அக்கா?"

"என்னத்துக்கோ? நாலாம் மாதம் பிறக்கப்போகுது."

மிஸ்ஸின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. "அவவிட்டையே கேளுங்கோ அக்கா. ஒரு ஆளின்ரை விசயத்தை நான் இன்னொரு ஆளிட்டைச் சொல்லமாட்டன்" என்று ஸ்கூட்டியை ஸ்டாட் பண்ணினாள். செல்வநாயகி ஒழுங்கை முடியும்வரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவளும் கூட்டு. கிளினிக்காரி மறைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஒன்றில் கலைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் கலைக்கப்போகிறார்கள்.

அன்று பின்னேரமே மயூரதனிடமிருந்து குரல்பதிவு வந்தது. செல்வநாயகி போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"அக்கா, அவளை அவையின்ரை வீட்டை போகச் சொல்லுங்கோ. பிள்ளை உங்களோடை நிக்கட்டும். நாத்துக் கொட்டிலை மூடுங்கோ, காணி உங்கடைதானே. நான் அவளோடை இனிக் கதைக்கேல்லை. காரணம் அவளுக்குத் தெரியும்."

அவள் அதை மூன்றுதரம் கேட்டாள். பிறகு நேரே கொட்டிலுக்குப் போனாள். வேலைக்காரப் பெண்கள் போய்விட்டார்கள். சாருஜா நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றாள். செல்வநாயகி போனை அவளுடைய காதில் பிடித்தாள். பதிவு முடிந்தது. சாருஜாவின் கையிலிருந்த பூவாளியிலிருந்து தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன காரணம்? எனக்கொண்டும் தெரியாது, மச்சாள். சத்தியமா."

"வயித்திலை இருக்கிறதை என்ன செய்தனி?"

"ஆரின்ரை வயித்திலை?"

"எனக்குக் காது குத்தாதை. மூண்டு மாதமாய் நீ விளக்கு வைக்கச் சொல்லி என்னட்டை வரேல்லை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

சாருஜா மெல்லப் பூவாளியைக் கீழே வைத்தாள்.

"அது ஊசி, மச்சாள். பிள்ளை தங்காமல் மூண்டு மாதத்துக்கு ஒருக்காப் போடுற டிப்போ ஊசி. சித்திரையிலை ஒண்டு, ஆடியிலை ஒண்டு, அவர் போன பிறகு போடேல்லை. துடக்கு முதல் கண்டபடி வரும், பிறகு நிண்டுபோகும். விட்ட பிறகும் திரும்பி வரக் கனநாள் செல்லுமெண்டு மிஸ் சொன்னவ. கொட்டில் ஒரு நிலைக்கு வரட்டும், மருந்தடிக்கிற இடத்திலை பிள்ளையைச் சுமந்துகொண்டு நிக்கேலாது, ரெண்டு வருசம் கழிச்சுப் பெறுவமெண்டு நாங்கள் ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவு. உங்களுக்குச் சொன்னால் நீங்கள் கிளினிக்கையே கொழுத்திப்போடுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

"ரெண்டு பேருமோ?"

"ஓம். அவர்தான் ரெண்டுதரமும் என்னை மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போனவர்."

செல்வநாயகி அதையும் நம்பவில்லை. ஐம்பத்தொரு வருடப் பழக்கம் ஒரு வசனத்தில் போகுமா? சாருஜா அவளுடைய முகத்தைப் பார்த்தாள், தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டைச் சந்திப் பாமசிக்குப் போய் வந்தாள். கக்கூசுக் கதவைச் சாத்தாமலே சோதித்து, அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்து செல்வநாயகியின் உள்ளங்கையில் வைத்தாள். ஒற்றைக் கோடு.

"இப்ப காணுமோ?" என்றாள். செல்வநாயகிக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கேள்வியைக் கேட்டது சாருஜாதான். "அது சரி, மச்சாள். எனக்கு வயித்திலை எண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

செல்வநாயகி வாசல்படியில் இருந்துவிட்டாள். தம்பியின் முகம் போனில் அப்படியே நின்றதை இப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். ஊசி போட்டிருந்தது அவனுக்குத் தெரியும். தான் நின்ற நாளில் பிள்ளை தங்காது என்று தெரியும். தங்கினால் அது ஊசி தீர்ந்து, தான் போன பிறகுதான் என்று கணக்குப் போட்டிருப்பான். தெரிந்தவனிடம் போய், உன் பெண்சாதிக்கு மூன்று மாதம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னது யார்? போதாததற்கு றஜிந்தனின் தேத்தண்ணிக் கதையும் அவிழ்த்துவிட்டது யார்? ஐயோ, நல்ல செய்தி என்றுதானே சொன்னேன்!

"நான்தான் சொன்னனான், பிள்ளை" என்றாள்.

சாருஜா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று செல்வநாயகிக்குப் பட்டது. "எடுங்கோ. எடுத்துச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

எடுத்தாள். நாலாவது தடவைதான் அவன் தூக்கினான். இவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அவளுக்கு ஒண்டும் இல்லை. ஊசியாலை நிண்டிருக்கு. எனக்கு விளங்கேல்லை. இப்ப சோதிச்சும் பாத்தாச்சு, என்ரை கையிலை கிடக்கு."

மயூரதன் மிக அமைதியாகக் கதைத்தான்.

"கலைச்சாச்சோ, அக்கா?"

"என்னடா கதைக்கிறாய்? இருந்தால்தானே கலைக்கிறதுக்கு!"

"நீங்கள் ஒருநாளும் பிழை விட்டதில்லை. ஊரிலை ஒருத்தியைக்கூட நீங்கள் பிழையாச் சொன்னதில்லை. உவள் அழுதிருப்பாள், நீங்கள் இரங்கிப்போட்டியள். என்னை வளத்தனீங்கள், உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. கொட்டிலை மூடுங்கோ."

"மூடமாட்டன். காணி என்ரை. அது அவளின்ரை கையிலைதான் இருக்கும். ஐஞ்சு குடும்பம் அதாலை சாப்பிடுது. உனக்கு நான் சொன்ன பொய்யை ஒரு நிமிசத்திலை நம்பினாய். இப்ப உண்மையைச் சொல்லுறன், அதை ஏன்டா நம்பாமல் நிக்கிறாய்?"

"நீங்களும் அவளோடை சேந்திட்டியள், என்ன?" என்றான். போன் நின்றது.

செல்வநாயகி மறுபடி எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. கீர்த்திகா முற்றத்தில் பழைய நாற்றுத் தட்டு ஒன்றில் மண் நிரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். சாருஜா மகளைப் பார்த்தபடியே வாசல்படியில் வந்து, அவளிடமிருந்து ஓர் ஆள் தள்ளி இருந்தாள்.

"அவன் நம்புவான், பிள்ளை" என்றாள் செல்வநாயகி. "நாள் போகட்டும். சித்திரை, வைகாசி எண்டு போனால் பிள்ளை பிறக்கேல்லை எண்டு அவனுக்கே தெரியும்தானே. நான் கட்டாருக்கெண்டாலும் போய்ச் சொல்லுவன். கஜந்தினி மிஸ்ஸையும் கதைக்க விடுவம்."

"கதைக்க விடுங்கோ. ஒருவேளை நம்புவார். கொட்டிலுக்கும் நன்றி மச்சாள், அதை விடமாட்டன்." சாருஜா கண்ணைத் துடைக்கவில்லை. "ஆனா ரெண்டு வருசம் கழிச்சு ஒண்டு பெறுவமெண்டு ஆசையா இருந்தம். இனி அந்தப் பிள்ளை பிறந்தாலும், அவர் மாதம் எண்ணித்தான் தூக்குவார்."